ரிடையர்மென்ட் கணக்கை மனைவியின் வயதை வைத்துப் போடுங்கள்

ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு தொகை சொல்கிறார்கள். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒன்றிலிருந்து ஐந்து கோடி வரை கேட்டிருக்கிறேன். ஐந்து என்று சொன்னவரின் சம்பளம் எனக்குத் தெரியும். சம்பளப் பட்டியல் போடுவதே நான்தான். சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டேன். இவர்களில் ஒருவரிடமும் நான் கேட்காத வார்த்தை, "என் மனைவிக்கு 90 வயது வரை" என்பது.

திருச்சியில் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் 2001-லிருந்து இருக்கிறேன். எனக்கு 53 வயது, வீட்டுக்காரருக்கு 58. அவர் துவாக்குடியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய பட்டறைகளிடமிருந்து ஜாப் ஒர்க் எடுத்துச் செய்வார். அவருக்குப் பிஎஃப் கிடையாது, பென்ஷன் கிடையாது. காட்டூரில் சொந்த வீடு, மாடியில் ஒரு குடித்தனம். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பையன் வேலையில் இருக்கிறான். அவனுடைய படிப்புக் கடன் இந்த வருடம் முடிந்தது. மாதாமாதம் போய்க்கொண்டிருந்த அந்தப் பணம் கையில் நின்றதும்தான், சரி, உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டுவிடலாம் என்று தோன்றியது. நான் 58-ல் ஓய்வு பெறுவேன். அப்போது அவருக்கு 63.

முதலில் செலவு. மாதச் செலவு எவ்வளவு என்று வீட்டில் கேட்டால் வரும் பதில் மளிகை, பால், கரண்ட் பில் அளவோடு நிற்கும். என்னிடம் செலவு நோட்டு இருக்கிறது, அதனால் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. பையனுக்காகச் செய்ததையும் நான் ஆபீஸ் போய்வர ஆகும் செலவையும் கழித்துவிட்டுப் பார்த்தேன். மளிகை, காய்கறி, பால், கேஸ் 16,000. கரண்ட், போன், நெட், கேபிள் 4,500. வேலைக்கு வரும் அம்மாவுக்கு 2,500. பெட்ரோல் 3,000. மாத்திரை, டாக்டர் 4,000. மொய், கோயில், சொந்தக்காரர் வீட்டுப் போக்குவரத்து 5,000. துணிமணி, ஓட்டல், இன்ன பிற 4,000. மொத்தம் 39,000.

இந்த 39,000-ஐ வைத்துக்கொண்டு கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம். ஆனால் மாதக் கணக்கில் வராமல் வருடத்துக்கு ஒரு தடவை வந்து நிற்கும் செலவுகள் இருக்கின்றன. மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம் 62,000. வீட்டு வரி, தண்ணீர் வரி 8,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 10,000. தீபாவளி, பொங்கல், பெண் வீட்டுச் சீர் எல்லாமாக 30,000. ஒரு ஊர்ப் பயணம் 25,000. கூட்டினால் 1,35,000, அதாவது மாதம் 11,250.

அப்புறம் பத்து வருடத்துக்கு ஒரு முறை வருபவை. வீட்டுக்குப் பெயின்ட், போர் மோட்டார், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரி, புது வண்டி, பல், கண். பத்து வருடத்துக்கு ஆறு லட்சம் என்று வைத்தேன். அது மாதம் 5,000. ஆக நாங்கள் இன்று வாழும் வாழ்க்கையின் உண்மையான விலை மாதம் 55,000 ரூபாய். 39,000 என்று நினைத்து ஓய்வு பெறுகிறவர் பெயின்ட் அடிக்கும் வருடத்தில் எஃப்டியை உடைப்பார்.

மொய்ப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு பெற்றால் மொய் குறையும் என்று என் நாத்தனார் சொன்னார். குறையாது. இவ்வளவு நாள் நமக்குச் செய்தவர்கள் வீட்டுப் பேரக்குழந்தைகளுக்குக் காதுகுத்து வரும். அதை வெட்ட நான் தயாராக இல்லை.

இது இன்றைய விலை. ஐந்து வருடம் கழித்து என்ன ஆகும்? விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டேன். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம்தான், ஆனால் டாக்டர் ஃபீஸ், வேலையாள் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. வயதானவர்கள் வீட்டுச் செலவில் இவைதான் பெரிய பங்கு. 6 சதவீதத்தில் 55,000 என்பது ஐந்து வருடத்தில் 73,600 ஆகிறது, வருடத்துக்கு 8.83 லட்சம். அதே வேகத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை செலவு இரட்டிக்கும்.

இனி வரவு. பிஎஃப் பென்ஷனைப் பற்றிப் பலருக்கும் தெரியாத விஷயம், அது உங்கள் முழுச் சம்பளத்தில் கணக்கிடப்படுவதில்லை. பெரும்பாலோருக்கு மாதம் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு, அதுவும் 2014 செப்டம்பருக்குப் பின்பு உள்ள வருடங்களுக்கு. அதற்கு முந்தைய வருடங்களுக்கு 6,500. சம்பளத்தை வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் இரண்டு வருடம் கூட்டிக்கொள்ளலாம். முப்பது வருடம் வேலை பார்த்து முடிக்கும்போது எனக்கு வருவது ஐயாயிரத்துச் சொச்சம். எத்தனை வயது வரை இருந்தாலும் அதே தொகைதான், பஞ்சப்படி எதுவும் சேராது. உத்தியோகம் கணவருக்கு என்றால், அவருக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி. இதைக் கேட்டதும் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், "பாதியா? அதுல கேஸ் சிலிண்டர்கூட சேர்த்து வாங்க முடியாதே மேடம்" என்றார்.

மாடி வாடகை அப்போது மாதம் பத்தாயிரம் வரலாம். ஆனால் வருடத்துக்குப் பத்து மாதம்தான் எழுதினேன். ஆள் மாறும்போது வீடு காலியாக இருக்கும், வெள்ளை அடிக்க வேண்டும். வாடகை ஒரு லட்சம், பென்ஷன் அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். 8.83-இல் இவற்றைக் கழித்தால் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது வருடத்துக்கு 7.2 லட்சம்.

இங்கே வீட்டுக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டார். "ஒரு கோடி போட்டா 7.2 பர்சன்ட் வட்டியில வருஷம் 7.2 லட்சம். முதலைத் தொடவே வேணாம். அவ்வளவுதானே?"

கணக்கு சரிதான், முதல் வருடத்துக்கு மட்டும். அடுத்த வருடம் அதே பொருளை வாங்க 7.63 லட்சம் வேண்டும், அதற்கடுத்த வருடம் 8.09. வட்டி அதே 7.2 லட்சத்தில் நிற்கிறது. முதலைத் தொட ஆரம்பிக்கிறோம், தொடத் தொட வட்டியும் குறைகிறது. செலவு 6 சதவீதம் ஏற, மிச்சம் 7.2 சதவீதம் சம்பாதிக்க, அந்த ஒரு கோடி பதினைந்தாவது வருடத்தோடு தீர்ந்துவிடும். அப்போது அவருக்கு 78, எனக்கு 73. "எழுபத்தெட்டு போதாதா?" என்று கேட்டார். "உங்களுக்குப் போதும், நான் என்ன பண்றதுங்க?" என்றேன்.

எங்கள் கணக்கு திரும்பிய இடம் அதுதான். நம் வீடுகளில் மனைவி இரண்டு மூன்று வயதாவது, பல இடங்களில் ஐந்தாறு வயது இளையவள். பொதுவாகப் பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் கணவர் போன பின் பத்து வருடத்துக்குக் குறையாமல் ஒரு பெண் தனியாக இருக்க வேண்டிவரலாம். என் அத்தை அப்படித்தான் இருந்தார். மாமா தன் ஆயுளுக்குக் கணக்குப் போட்டிருந்தார், அது சரியாகவே இருந்தது. அத்தை கடைசி வருடங்களில் மருந்துக் கடைக்காரரிடம் ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை கேட்டு வாங்குவார். மகன்கள் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருந்தது.

அதனால் அவருக்கு 80, 85 என்று போடாமல், எனக்கு 90 வயது வரை என்று போட்டேன். 58-லிருந்து 90 வரை 32 வருடம்.

வட்டியும் விலைவாசியும் ஒரே வேகத்தில் ஓடினால் முதல் வருடத் தேவையைப் போல 32 மடங்கு வேண்டும். அது 2.30 கோடி. வரி போக 7 சதவீதம் கிடைத்து விலை 6 சதவீதம் ஏறினால் 28 மடங்கு, அதாவது சுமார் 2.02 கோடி. 8.5 சதவீதம் கிடைத்தால் 23 மடங்கு போதும், 1.66 கோடி. யூட்யூபில் எல்லோரும் சொல்லும் 25 மடங்கு, அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-ல் அந்த நாட்டுப் பங்குச்சந்தை, பத்திர விவரங்களை வைத்து முப்பது வருடத்துக்குப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. அவர்கள் விலைவாசி வேறு, நம் விலைவாசி வேறு. நான் 28-ஐ எடுத்துக்கொண்டேன்.

வட்டி இப்போது உள்ளதுபோலவே இருக்கும் என்று நம்புவதற்கும் எனக்கு மனம் வரவில்லை. பிபிஎஃப் என்ற அரசுச் சேமிப்புத் திட்டம் 2000 ஜனவரி வரை 12 சதவீதம் கொடுத்தது. 2020 ஏப்ரலில் இருந்து 7.1. என் அப்பா அந்த 12 சதவீதக் காலத்தில் ஓய்வு பெற்றவர். எஃப்டி ஒவ்வொரு முறை முதிர்ந்து புதுப்பிக்கும்போதும் வட்டி இறங்குவதைப் பாஸ்புக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை, காலம் அப்படி.

கணவர் போனபின் செலவு பாதியாகும் என்று சிலர் வாதிடுவார்கள். பாதியாகாது. வீட்டு வரி, கரண்டின் பெரும்பகுதி, வேலையாள், பெயின்ட் எதுவும் பாதியாகாது. 70 சதவீதம் என்று வைத்து, கடைசிப் பத்து வருடத்துக்குக் குறைத்துப் பார்த்தேன். 17 லட்சம் மிச்சம் காட்டியது. ஆனால் அதை நான் கழிக்கவில்லை. என் மாமியாருக்கு வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டோம். சம்பளம் மட்டும் மாதம் இருபதாயிரத்துக்குக் குறையவில்லை, சாப்பாடு தனி. அந்த 17 லட்சம் அதற்குத்தான் போகும்.

மருத்துவத்துக்குத் தனியாக 15 லட்சம் ஒதுக்கினேன். ஆபீஸ் இன்சூரன்ஸ் வேலையோடு முடிந்துவிடும். அதனால் சொந்தமாக ஒரு பாலிசி, அதுவும் வேலையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கிறார்கள், அது ஓய்வுக்கு முன்பே கழிந்துவிட்டால் நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை, முன்பு 18 சதவீதம். 70 வயதைத் தாண்டினால் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருமான வரம்பில்லாமல் ஐந்து லட்சம் காப்பீடு கிடைக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் பிரீமியம் ஏறுவது நிற்கப்போவதில்லை. பாலிசியில் வராத செலவும் எப்போதும் இருக்கும்.

ஆக இலக்கு 2 கோடியே 17 லட்சம். இந்த எண் எங்கள் வீட்டுக்கு மட்டும் பொருந்தும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதே வாழ்க்கைக்கு இன்னும் நிறைய வேண்டும், அரசுப் பென்ஷன் உள்ளவருக்கு இதில் பாதிகூட வேண்டாம்.

எங்களிடம் என்ன இருக்கும்? ஓய்வு பெறும் நாளில் பிஎஃப் 30 லட்சம். கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை, கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்கினால் ஐந்தரை லட்சம். அவருடைய பிபிஎஃப் 28 லட்சம். எஃப்டி 20 லட்சம். மியூச்சுவல் ஃபண்ட், வருடம் 9 சதவீதம் வளரும் என்று வைத்தால், 46 லட்சம். மொத்தம் 1 கோடியே 30 லட்சத்தைத் தொடவில்லை. 87 லட்சம் துண்டு விழுகிறது.

நகையைச் சேர்க்கவில்லை. குடியிருக்கும் வீட்டையும் சேர்க்கவில்லை. வீடு கோடி ரூபாய் பெறும் என்பதால் நாளைக்குக் காய்கறி வாங்க முடியாது. நவல்பட்டுப் பக்கம் ஒரு மனை இருக்கிறது, அதை விற்றால் 25 லட்சம். பட்டறையை மூடும்போது இயந்திரங்கள் ஆறு லட்சத்துக்குப் போகும். அப்போதும் 56 லட்சம் குறைகிறது.

படிப்புக் கடனுக்குக் கட்டிய தவணையும் பெண் கல்யாணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருந்ததும் சேர்த்தால் மாதம் 30,000 இனி சேமிக்கலாம். ஐந்து வருடத்தில் 22 லட்சம் சொச்சம். மீதி 34.

அவர் பட்டறையை 63-ல் மூடாமல், சின்ன வேலைகளை மட்டும் எடுத்து 67 வரை நடத்தினால், அன்றைய மதிப்பில் மாதம் 40,000 கையில் நிற்கும், நாலு வருடத்துக்கு 19 லட்சம். அவருக்கு இதில் சந்தோஷம்தான். "பட்டறைய மூடிட்டு வீட்ல உக்காந்தா நீதான் என்னை விரட்டுவ" என்கிறார். பட்டறைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி தாக்கல், கணக்கு எழுதுதல் என்று நானும் வீட்டிலிருந்தே மாதம் 15,000 பார்க்கலாம். நாலு வருடத்தில் ஏழு லட்சம். மிச்சம் எட்டு லட்சம்.

இந்தக் கணக்கிலிருந்து எனக்குக் கிடைத்த மிக உபயோகமான எண் ஒன்று உண்டு. இன்றைய செலவில் மாதம் ஆயிரம் ரூபாய் குறைத்தால் இலக்கில் நாலரை லட்சம் குறைகிறது. ஆயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, ஐந்து வருட விலை ஏற்றத்தைச் சேர்த்து, 28-ஆல் பெருக்கினால் அது வரும். கேபிள், யாரும் பார்க்காத ஓடிடி, இரண்டு வண்டிக்குப் பதில் ஒன்று என்று மாதம் 2,000 எடுத்துவிட்டால் இலக்கில் ஒன்பது லட்சம் குறைந்துவிட்டது. எட்டு லட்சம் சேர்க்க இன்னொரு வேலை தேடுவதைவிட இது சுலபம்.

தாளில் கணக்கு நேராகிவிட்டது. ஆனால் அதில் இரண்டு வரிகளை நான் நம்பவில்லை. ஒன்று, அவர் 67 வரை லேத்தில் நிற்பது. இப்போதே சாயங்காலம் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். இரண்டாவது மனை. நிலத்துக்கு நாம் சொல்லும் விலை வேறு, ஆள் வந்து கொடுக்கும் விலை வேறு. இரண்டும் கைவிட்டால் எந்தச் செலவு போகும் என்று இப்போதே பேசிவைத்தோம். முதலில் பயணம், அடுத்து பெயின்ட், அப்புறம் மாடியோடு சேர்த்துக் கீழ் வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போவது. மூன்றாவதை அவர் கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

பணத்தை எங்கே வைப்பது என்பதில் நிறைய யோசிக்கவில்லை. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். இப்போது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். வயது 60 ஆக வேண்டும், ஆனால் 55 தாண்டி ஓய்வு பெற்றவர்கள் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அந்தத் தொகை வரை போடலாம். என் பிஎஃப் நேரே அங்கே போகிறது. மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரில் 15 லட்சம் போட்டால் 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. இந்த இரண்டும் வங்கி எஃப்டியும் முதல் பத்து வருடச் செலவுக்கு. மியூச்சுவல் ஃபண்டை அதுவரை முடிந்தமட்டும் தொடாமல் வளரவிட வேண்டும், அதுதான் என் 70 வயதுக்கு மேலான பணம். வங்கி எஃப்டியை ஒரே இடத்தில் குவிக்கவில்லை. ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து ஐந்து லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு.

பணம் இருவர் பெயரிலும் பிரிந்திருப்பதில் வரி லாபமும் உண்டு. புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் வட்டிக்கு வரி கட்ட வேண்டியதில்லை, ஆளுக்கு ஆள் தனி. ஆனால் எனக்கு முக்கியம் வேறு. நம் பெண்களில் பலருக்குக் கணவர் பெயரில் எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சேமிப்புக் கணக்குகளை எங்களில் யார் வேண்டுமானாலும் இயக்கும்படி மாற்றினோம். நாமினி போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள உரியவர், சொத்துக்கு முழு உரிமையாளர் அல்ல, வாரிசுகள் கேட்டால் பங்கு உண்டு. அதனால் இருவரும் உயில் எழுதுவதாக முடிவு. என்னுடையதை எழுதியாயிற்று. அவர் மனை விற்ற பிறகு எழுதலாம் என்கிறார். நான் மனை இருக்கும்போதே எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.